ஸ்வாமி அனுமதி கோருகிறார்

பத்திரிகையில் இருந்த காலத்தில் வாரம் ஒரு பெட்டிச் செய்தி என் பொறுப்பில் இருந்தது. கணினி, இணையம் என்று புதிதாகக் காதில் விழும் சொற்களை, ஒன்றும் தெரியாதவருக்குப் புரியும்படி மூன்று வரிகளில் விளக்க வேண்டும். நான்காவது வரிக்குப் பக்கத்தில் இடம் கிடையாது. ‘சர்வர்: கேட்பவர்களுக்கெல்லாம் தகவலை எடுத்துக் கொடுக்கும் கணினி. இரவும் பகலும் விழித்திருக்கும். நாம் பார்க்கும் இணையப் பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன.’ இவ்வளவுதான். இந்தப் பெட்டியை எழுதத் தொடங்கியபோது என்னிடம் சொந்தமாகக் கணினி இல்லை என்பதைச் சொல்ல அந்த மூன்று வரியில் இடமிருக்கவில்லை.

மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் போஸ்ட் கார்டு போட்டிருந்தார். சர்வர் என்றால் என்னவென்று எழுதியது சரி, அது எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதவில்லையே என்று கேட்டிருந்தார். யார், என்ன, எங்கே, எப்போது என்று செய்தியாளர்களைத் தினமும் குடைந்துகொண்டிருந்த எனக்கு, ‘எங்கே’ விட்டுப்போனது உறைத்தது. பதில் தெரியாததால் அந்தக் கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஓய்வு பெறும் வரை அது அங்கேயே இருந்தது.

இப்போது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பக்கத்து அடுக்ககம் ஒன்றில் இருக்கிறேன். பழைய பெட்டிச் செய்தியின் பலனாக, இந்தக் கட்டடத்தில் யாருடைய போன் முரண்டு பிடித்தாலும் என் வீட்டு மணிதான் அடிக்கிறது. எழுதியவருக்கு எல்லாம் தெரியும் என்று வாசகர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

அதிகமாக மணி அடித்தவர் எதிர் வீட்டு மாமி. ஐம்பத்தெட்டு வயது. மூன்று வருடமாகப் பாசுரம் கற்று வந்தார். ஆறு பெண்கள் சேர்ந்த வகுப்பு. கற்பிப்பவர் ஒரு வங்கி அதிகாரி. மாமியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் மாமிக்கு அவர் ‘ஸ்வாமி’தான். அவர் பேசினால் ‘சொன்னார்’ என்று மாமி சொல்ல மாட்டார், ‘சாதிச்சார்’ என்பார். முதல் ஒன்றரை வருடம் உத்தர வீதியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து படித்தார்கள். பிறகு வங்கி அவரைப் புனேவுக்கு மாற்றியது. வகுப்பு போனுக்கு மாறியது. தினமும் காலை ஆறரை மணிக்கு, அரை மணி நேரம், வீடியோ அழைப்பில்.

இந்தப் படிப்புக்குச் சந்தை சொல்வது என்று பெயர். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதல்ல. ஆசிரியர் ஓர் அடியை ஒருமுறை சொல்வார். மாணவர்கள் அதே அடியை ஒரே குரலாக இரண்டு முறை சொல்வார்கள். சரியாக இருந்தால் அடுத்த அடிக்குப் போவார். தவறாக இருந்தால் அதே அடியை மறுபடி சொல்வார். மாணவர்கள் மறுபடி இரண்டு முறை. எந்த விளக்கமும் கிடையாது. திரும்பச் சொன்னாலே திருத்தம் என்று அர்த்தம்.

இந்த முறை வீடியோ அழைப்புக்குள் நுழைந்தபோது நடந்ததை என் வீட்டு வாசலில் காபியோடு நின்று நான் கேட்டிருக்கிறேன். ஆறு பெண்களில் ஒருவர் சமயபுரத்தில் இருந்தார், ஒருவர் மன்னார்புரத்தில் மகள் வீட்டில். மற்றவர்கள் ஸ்ரீரங்கத்தின் வெவ்வேறு வீதிகளில். ஸ்வாமி புனேயில் ஓர் அடியைச் சொல்வார். அது சமயபுரத்து அம்மாளின் போன் ஸ்பீக்கரில் வெளியே வந்து, அதே போனின் மைக்கில் நுழைந்து, ஒரு விநாடி கழித்து எல்லா வீடுகளுக்கும் இரண்டாம் முறையாக வரும். இதற்கு எதிரொலி என்று பெயர். வேறு எந்த ஊர்க் கூட்டமாக இருந்தாலும் யாராவது எரிச்சலோடு போனைத் தட்டியிருப்பார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஸ்வாமி அதே அடியை மறுபடி சாதிக்கிறார் என்றால் நாம் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஐந்து வீடுகளிலும் முடிவுசெய்து, இன்னும் கவனமாக, மறுபடி இரண்டு முறை சொன்னார்கள். அதற்குள் ஸ்வாமி அடுத்த அடிக்குப் போயிருப்பார். அது இவர்கள் காதில் விழாது. இவர்கள் ஏன் பழைய அடியிலேயே நிற்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டு, மாணவர்கள் மறுபடி சொல்லச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று பழைய அடியையே மீண்டும் சொல்வார். ஒரு நாள் எண்ணினேன். ஒரே அடி, எட்டு முறை. அத்தனை முறையும் பிழையில்லாமல்.

மாமி மணி அடித்தார். நான் எதிரொலி என்றால் என்ன, தாமதம் என்றால் என்ன என்று மூன்று மூன்று வரிகளில் விளக்கினேன். எல்லோரும் காதில் இயர்போன் மாட்டினால் எதிரொலி போய்விடும் என்றேன். போய்விட்டது. தாமதம் மட்டும் போகவில்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னாலும் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு பாதையில் போய்க் கொஞ்சம் முன்பின்னாகத்தான் புனேவுக்கு எட்டும். ஒருவர் தவிர மற்றவர்கள் மைக்கை மூடி வைத்தால் தேவலை என்று சொல்லி அனுப்பினேன். ஸ்வாமி மறுத்துவிட்டார். வாய் அசைவதைப் பார்த்து எப்படித் திருத்துவது என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.

மாமி வீட்டில் கூடுதலாக ஒரு தொல்லை இருந்தது. கூடத்து மின்விசிறி சத்தம், கீழே ஆட்டோக்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி. அதையும் சரிசெய்துவிடலாம் என்று அவர் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், ‘பின்னணி இரைச்சலை நீக்கு’ என்ற இடத்தில் அதிகபட்சத்தை அமுக்கினேன்.

“இனிமே உங்க குரல் மட்டும்தான் மாமி போகும்” என்றேன்.

அன்று சாயங்காலம் ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. நெய் மிதந்தது. அதை நான் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு மாதம் அமைதியாகப் போயிற்று. மூன்று வருடப் பாடம் முடிந்தது. நிறைவுக்கு ஸ்வாமி விடுமுறை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை பழைய மண்டபத்தில் ஆறு பேரும் கோஷ்டியாக உட்கார்ந்து முழுதும் சொல்வதாகவும் ஏற்பாடு. கோஷ்டி என்றால் சேர்ந்து சொல்பவர்களின் வரிசை. அதில் உட்காரத்தான் மாமி மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் விடிவதற்குள் குளித்திருக்கிறார்.

எட்டு நாள் இருக்கும்போது மாமி வந்து போனை நீட்டினார். ஸ்வாமியிடமிருந்து ஒரு செய்தி. மிகவும் மரியாதையான செய்தி. மாமி இந்த முறை கோஷ்டியில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து கேட்கலாம், கொஞ்ச நாளாகவே மாமியின் வாய் அசைகிறதே தவிரச் சொல்வதாகத் தெரியவில்லை, வயதும் வீட்டு வேலையும் காரணமாக இருக்கலாம், குறையொன்றுமில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று இருந்தது.

“நான் ஒரு அட்சரம் விடலை சார்” என்றார் மாமி.

தனியாகச் சொல்லச் சொல்லி ஸ்வாமி கேட்கவே இல்லையா என்றேன். ஒரு நாள் கேட்டாராம். இவரும் சொன்னாராம். ஸ்வாமி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டாராம். பிரமாதமாக இருந்திருக்கும், அதனால்தான் திருத்தவில்லை என்று மாமி அன்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். மாமி தன் கூடத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் என் வீட்டில் உட்கார்ந்து அதே செயலியில் அவரை அழைத்தேன். “கேக்கறதா?” என்றார், கேட்டது. சொல்லுங்கள் என்றேன். திரையில் மாமியின் உதடுகள் அசைந்தன. என் போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் இரண்டு வீட்டு வாசல் கதவுகளும் திறந்திருந்ததால், நடைபாதை வழியாக, எதிர் வீட்டிலிருந்து மாமியின் குரல் தெளிவாக வந்துகொண்டிருந்தது. போன் வழியாகச் சற்றும் வராத குரல், எட்டடி தூரத்தில் நேராக வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. ஒப்புக்கொள்ள ஐந்து நிமிடம் ஆயிற்று. இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு எது இரைச்சல் என்று தெரியாது. ஏறி இறங்கி, நின்று நின்று வந்தால் பேச்சு. ஒரே சீராக வந்துகொண்டே இருந்தால் மின்விசிறி. அவ்வளவுதான் அதன் கணக்கு. மாமி பேசும்போது குரல் ஏறி இறங்கியது, மென்பொருள் வழிவிட்டது. பாசுரம் சொல்லும்போது தாழ்ந்த, சன்னமான, ஒரே சீரான குரல். கூட்டத்தோடு சேரும்போது தனியாகத் துருத்தக் கூடாது என்று அவரே பார்த்துப் பார்த்துப் பழக்கிய குரல். நான் அமுக்கிய பொத்தான் அதை மின்விசிறியோடு சேர்த்து இரண்டு மாதமாகக் கூட்டித் தள்ளியிருக்கிறது.

பத்திரிகையில் இப்படி நடந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று போடுவோம். நானே ஸ்வாமியைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். மாமி தடுத்துவிட்டார். ஸ்வாமி சாதித்ததற்கு மறுவார்த்தை பேசுவதாவது? தானும் பேச முடியாது, தனக்காக இன்னொருவர் பேசினாலும் அதே கணக்குத்தான். கொஞ்சம் யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். சேவித்து அனுப்பினால் அது பதில் பேசுவதாகாது. பாசுரம் சொல்வதைத்தான் அங்கே சேவிப்பது என்பார்கள். கடைசி நாற்பது பாசுரங்களைச் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

பதிவு செய்வதற்கு முன் நான் வழக்கம்போல விளக்கினேன். ஒலியைப் பதிவதில் இரண்டு வகை. ஒன்றில், மைக்கில் விழுந்ததெல்லாம் அப்படியே இருக்கும். கோப்பு மிகப் பெரியதாக இருக்கும். இன்னொன்றுக்கு எம்.பி.3 என்று பெயர். காது கவனிக்காத ஒலிகளை விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு இடம் போதும். உலகம் முழுக்கப் பாட்டுக் கேட்பது இப்படிப்பட்ட முறைகளில்தான்.

“காது எதைக் கவனிக்காதுன்னு யார் தீர்மானம் பண்றா?”

“அதைக் கண்டுபிடிச்சவங்க மாமி.”

“அவா பாசுரம் கேட்டிருக்காளா?”

விசாரித்ததில்லை என்றேன். ஒரு மிஷின் ஏற்கெனவே என் குரலை வேண்டாமென்று தள்ளியாயிற்று, இன்னொன்று வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார். அப்படியே இருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம்.

மாமி பதிவு செய்த விதத்தில் ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வோர் அடியையும் சொல்வதற்கு முன் நாலைந்து விநாடி பேசாமல் இருப்பார். பிறகு இரண்டு முறை சொல்வார். மறுபடி மௌனம். மறுபடி இரண்டு முறை. நாற்பத்தோரு நிமிடம் ஓடியது. அதில் மூன்றில் ஒரு பங்கு மௌனம். இந்த வகைப் பதிவில் மௌனத்துக்கும் பேச்சுக்கும் ஒரே எடைதான், பேசாத விநாடியும் அதே இடத்தை அடைக்கும், மௌனத்தை வெட்டிவிட்டால் கோப்பு குறையும் என்றேன். நாற்பது வருடம் பிறர் எழுதியதை வெட்டிய கை, சும்மா இருக்காது.

“அது ஸ்வாமி சொல்ற இடம் சார்” என்றார் மாமி. கையை எடுத்துக்கொண்டேன்.

கோப்பு இருநூறு எம்.பி.க்கு மேல் வந்தது. வகுப்புக் குழுவில் கோப்புகள் அனுப்ப வேண்டாம் என்று ஸ்வாமி முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன் முழுக்கக் காலை வணக்கப் படங்கள் நிரம்பி இடமில்லை. ஆகவே மின்னஞ்சல். மின்னஞ்சல் இவ்வளவு பெரிய இணைப்பைச் சுமக்காது. கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் ஏற்றி வைத்து, அந்த இடத்தின் முகவரியை மட்டும் அனுப்பும். ஏற்றி வைப்பதற்கு அப்லோடு என்றும், முகவரிக்கு லிங்க் என்றும் பெயர் சொன்னேன். அப்லோடு ஆக இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நீலக் கோடு ஊர்ந்து நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்போ அது எங்க சார் இருக்கு?” என்றார் மாமி.

மருங்காபுரி வாசகர் என்னை விடுவதாக இல்லை. தெரியாது, வெளிநாடாகக்கூட இருக்கலாம் என்று உண்மையைச் சொன்னேன்.

“அங்க மடியா, சுத்தமா வச்சிருப்பாளா?”

தூசி, ஈரம் எதுவும் அண்டாமல், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். மாமிக்குத் திருப்தி. கோடு முடியும் தறுவாயில் எனக்கு வேறு போன் வர, எழுந்து வந்துவிட்டேன். கடைசியில் ‘அனுப்பு’ என்பதை அமுக்கினால் போதும் என்று சொல்லியிருந்தேன். அமுக்கிவிட்டதாகச் சொன்னார்.

மூன்று நாள் ஆகியும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை நானே போய் மணி அடித்தேன். பெருமாள் அலமாரிக்குப் பக்கத்தில் மாமியின் போன் முகம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு எடுத்துக் காட்டினார். ஸ்வாமியின் பெயரில் இரண்டு மின்னஞ்சல்கள். ஒன்று செவ்வாய்க்கிழமை வந்தது, இன்னொன்று வியாழன். இரண்டிலும் ஒரே வாசகம். ‘உங்கள் கோப்பைத் திறக்க அனுமதி கோருகிறார்.’ கீழே ஒரு நீலப் பொத்தான்: அனுமதி அளி.

அன்று நான் எழுந்து போன பிறகு நடந்தது அப்போதுதான் தெரிந்தது. ‘அனுப்பு’ என்று அமுக்கியதும் ஒரு கட்டம் வந்து, இந்தக் கோப்பைத் திறக்க இவருக்கு அனுமதி இல்லை, அளிக்கலாமா என்று ஸ்வாமியின் பெயரைப் போட்டுக் கேட்டிருக்கிறது. மாமி பதறிப்போய் வேண்டாம் என்பதை அமுக்கியிருக்கிறார். முகவரி போனது. பூட்டு திறக்கவில்லை. ஸ்வாமி புனேயில் உட்கார்ந்து இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறார்.

அமுக்கிவிடுங்கள் என்றேன்.

“ஸ்வாமிக்கு அனுமதி குடுக்க அடியேன் யார்?”

மூன்று வருடத்தில் முதன்முறையாக மாமியின் குரல் உயர்ந்தது. இது வெறும் பொத்தான், மென்பொருள் போடும் வாசகம், இப்படித்தான் உலகத்தில் எல்லோரிடமும் கேட்கும் என்றேன். கடைசிச் சீட்டாக, நானே அமுக்குகிறேன் என்றேன். அப்போதும் என் பேரில்தானே போகும் என்றார். போகும். அனுமதி அளிக்கப்பட்டது என்று ஸ்வாமிக்கு இவர் பெயர் போட்டு ஒரு கடிதமே போகும். அந்தக் கடிதத்தைக் காட்டிலும் கோஷ்டியை விட்டுவிடுவதே மேல் என்று மாமி முடிவுசெய்திருந்தார். அங்கே ஸ்வாமி, இவர் கோபித்துக்கொண்டு கதவைத் திறக்கவில்லை என்று நினைத்திருப்பார் என்பது எனக்குத் தோன்றியது. சொன்னேன். மாமியின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் விரல் நகரவில்லை.

போனை வாங்கி அமைப்புகளைத் துழாவினேன். இந்த முறை மெதுவாக, எல்லா வரிகளையும் படித்து. ‘யார் திறக்கலாம்’ என்ற இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. அனுமதி பெற்றவர்கள் மட்டும் என்பது ஒன்று. முகவரி வைத்திருக்கும் எவரும் என்பது மற்றொன்று. மாமியிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவதைப் போட்டால் யாருக்கும் அனுமதி அளிக்க வேண்டியதில்லை. பூட்டே கிடையாது, ஏற்கெனவே போன முகவரியே திறந்துகொள்ளும். ஸ்வாமிக்கென்று ஒன்றும் கொடுத்ததாக ஆகாது. ஆனால், என்று எச்சரித்தேன், அந்த முகவரி கைமாறிப் போனால் முன்பின் தெரியாதவர்கூடக் கேட்கலாம்.

மாமி பெருமாள் அலமாரியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“கோபுரத்துல ஏறி நின்னுண்டு ரகசிய மந்திரத்தை எல்லாருக்கும் சொன்னவர் வழியில வந்தவா சார் நாங்க. தொறந்து விடுங்கோ.”

‘எவரும்’ என்பதை மாமியே அமுக்கினார். எந்தத் தயக்கமும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எதிர் வீட்டில் போன் அடித்தது. வீடியோ இல்லாத சாதாரண அழைப்பு. மாமி ஸ்பீக்கரில் போட்டார். கதவு திறந்திருந்தது, நான் காபியோடு வாசலில் இருந்தேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்வாமி எடுத்த எடுப்பில் அனுமதி பற்றியோ கோஷ்டி பற்றியோ பேசவில்லை.

“மாமி, நடுவுல இடம் விட்டிருந்தேள் இல்லையா, அதுல நான் சொல்லிண்டே வந்தேன். சரியா நின்னுது.” அடுத்துத் திருத்தத்துக்கு வந்தார். “இருபத்தேழாவது பாசுரத்துல மூணாவது அடி மட்டும் கொஞ்சம் வேகமா ஓடித்து. இப்போ சொல்றேன்.”

ஓர் அடியைச் சொன்னார். ஒருமுறை. மாமி இரண்டு முறை சொன்னார். அவ்வளவுதான், அவர் திரும்பச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். ஆறு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமி வலமிருந்து இரண்டாவது. தலைக்கு மேல் பழைய மின்விசிறி ஒன்று கடகடத்துக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. சொல்ல ஆரம்பித்ததும், மாமியின் குரலை மட்டும் பிரித்துக் கேட்க முயன்றேன். கவனம் குவித்து, கண்ணை மூடி, இரண்டு பாசுரம் வரை முயன்றேன். முடியவில்லை. ஒரே குரலாக இருந்தது.